சினைப்பை ஹார்மோன்கள்: ரிப்போர்ட்டில் முதலில் தேதியைத் தேடுங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உங்களுக்கு ஹார்மோன் இம்பேலன்ஸ்" என்று சொல்லிவிட்டார்கள். அது என்ன நோய்?

அது நோயின் பெயர் இல்லை. "உடம்பு சுடுகிறது" என்று சொல்வதைப் போன்ற ஒரு பேச்சுதான். சுடுகிறது என்றால் டெங்குவா, டைஃபாய்டா, சளிக்காய்ச்சலா என்று அடுத்த கேள்வி கேட்போம் அல்லவா? இங்கேயும் அப்படிக் கேட்க வேண்டும்: எந்த ஹார்மோன், கூடியதா குறைந்ததா, எதனால்?

மாதவிடாய் தள்ளிப்போவதையே எடுத்துக்கொள்வோம். சினைப்பையில் முட்டை முதிராமல் நின்றுவிடலாம் (பிசிஓஎஸ்). சினைப்பை காலத்துக்கு முன்பே ஓய்ந்திருக்கலாம். சினைப்பை நன்றாக இருந்தும் மூளையிலிருந்து உத்தரவு வராமல் இருக்கலாம். தைராய்டோ, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனோ குறுக்கே புகுந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், கர்ப்பமாக இருக்கலாம். வெளியே தெரியும் அறிகுறி ஒன்று, மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. எது என்று பெயர் சொல்லாமல் மாத்திரை எழுதினால், "இதில் எது எனக்கு?" என்று கேட்டு வாங்குங்கள்.

சினைப்பை என்னென்ன சுரக்கிறது?

முக்கியமானவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஆண் ஹார்மோன் என்று பெயர் வாங்கிய டெஸ்டோஸ்டிரோன் ஆகிய மூன்றும். டெஸ்டோஸ்டிரோன் பெண் உடம்பில் இருப்பது கோளாறு இல்லை. ஈஸ்ட்ரோஜனே அதன் வகை ஹார்மோன்களிலிருந்துதான் தயாராகிறது. முட்டையைச் சுற்றியுள்ள வெளி அடுக்குச் செல்கள் மூளை அனுப்பும் எல்.எச். ஹார்மோனின் சொல்படி ஆண் வகை ஹார்மோனைச் செய்துகொடுக்கின்றன. உள் அடுக்குச் செல்கள் மூளையின் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.எச். சொல்படி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. இந்த இரண்டாம் வேலை தடைப்பட்டால் மூலப்பொருள் தேங்கும். பிசிஓஎஸ்ஸில் முகத்தில் முடி வளர்வது ஏன் என்பதற்கான விடையில் பாதி இதில் இருக்கிறது.

மாதச் சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வைப் பயிர்போல வளர்க்கிறது. முட்டை வெடித்த பிறகு, அது இருந்த இடம் மஞ்சள் நிறத் திசுவாக மாறி, ஏறக்குறைய 14 நாள் புரோஜெஸ்ட்ரோன் சுரக்கிறது. வளர்ந்த பயிரை முற்றவைப்பது அதன் வேலை. கரு தங்கவில்லை என்றால் அந்தத் திசு சுருங்கும், புரோஜெஸ்ட்ரோன் சட்டென்று இறங்கும், சவ்வு உதிரும். அதுதான் மாதவிடாய்.

முட்டை வெடிக்காவிட்டால் புரோஜெஸ்ட்ரோன் இல்லை. கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்த ஒரு வரிதான் அடிப்படை.

எந்த டெஸ்ட்டை எந்த நாளில் எடுக்க வேண்டும்?

மாதவிடாய் நன்றாகப் பட்ட முதல் நாளே 1ஆம் நாள். லேசான கறை மட்டும் பட்ட நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) மூன்றையும் 2 முதல் 4ஆம் நாளுக்குள் சேர்த்தே எடுக்க வேண்டும். அந்த நாட்களில் ஈஸ்ட்ரடையால் பெரும்பாலும் மி.லி.க்கு 80 பிகோகிராமுக்குள் இருக்கும். அதே பெண்ணுக்கு முட்டை வெடிப்பதற்கு முந்தைய நாள் 200க்கு மேல், 300, 400 என்றுகூடப் போகும். இரண்டும் சரியான அளவுதான். தேதி எழுதாத ரிப்போர்ட்டில் 250 என்று பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் சொல்வது? எஃப்.எஸ்.எச்.சுடன் ஈஸ்ட்ரடையாலையும் எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தொடக்க நாட்களிலேயே ஈஸ்ட்ரடையால் ஏறியிருந்தால் அது எஃப்.எஸ்.எச்.சை அமுக்கிவிடும். கூடியிருக்க வேண்டிய எஃப்.எஸ்.எச். ரிப்போர்ட்டில் நல்ல பிள்ளையாக நிற்கும்.

புரோஜெஸ்ட்ரோனில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சீட்டில் "21ஆம் நாள்" என்று எழுதிக் கொடுப்பார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு உரிய கணக்கு. எடுக்க வேண்டியது முட்டை வெடித்து 7 நாள் கழித்து, அதாவது அடுத்த மாதவிடாய்க்கு 7 நாள் முன்பு. 38 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் ஆகும் பெண்ணுக்கு முட்டை வெடிப்பதே 24ஆம் நாள் வாக்கில். அவர் 21ஆம் நாள் ரத்தம் கொடுத்தால் 0.6 என்று வரும், "முட்டையே வெடிக்கவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அவர் கொடுக்க வேண்டிய நாள் 31. அன்று மி.லி.க்கு 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் முட்டை வெடித்திருக்கிறது. சுழற்சி ஒழுங்காக இல்லையென்றால் 21இல் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை என்று மாதவிடாய் வரும்வரை எடுப்பார்கள்.

ஏ.எம்.எச். (மிச்சமுள்ள முட்டைகளின் எண்ணிக்கைக்குக் குறிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு டெஸ்ட்), புரோலாக்டின் ஆகியவற்றுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. புரோலாக்டினுக்கு மட்டும், வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய கையோடு கையை நீட்டாதீர்கள். 20 நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள். பதற்றம், ஊசி பயம், தூக்கமின்மை எல்லாம் அதை ஏற்றும்.

இன்னொன்று: அலகைப் பாருங்கள். ஒரு லேபில் ஏ.எம்.எச். 2 என்றும் இன்னொன்றில் 14 என்றும் வந்தால் பயப்பட வேண்டாம். முதலாவது நானோகிராம், இரண்டாவது பிகோமோல். நானோகிராமை 7.14ஆல் பெருக்கினால் பிகோமோல்.

டெஸ்ட்டுக்கு முன்னால் எந்த மாத்திரையைச் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். குறிப்பாக, யாரும் "மருந்து" என்றே நினைக்காத இரண்டை.

ஒன்று, முடி கொட்டுவதற்கு வாங்கும் பயோட்டின். பல லேப் இயந்திரங்களின் சோதனை முறையே பயோட்டினைப் பயன்படுத்தி இயங்குகிறது. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் அந்த இயந்திரங்களில் டி.எஸ்.எச்., எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவை இருப்பதைவிடக் குறைவாகவும், ஈஸ்ட்ரடையால், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை இருப்பதைவிடக் கூடுதலாகவும் காட்டும். 5, 10 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுபவர்கள் 3 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் போட்டு, பயோட்டினால் டெஸ்டோஸ்டிரோன் கூடியதுபோலக் காட்டி, அதற்கு மருந்து தொடங்கினால் எங்கே போய் முடியும்?

மற்றொன்று, கேஸுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தரும் கலவை மாத்திரை. அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் படியுங்கள். பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் என்று இருந்தால், அந்த டோம்பெரிடோன் புரோலாக்டினை நன்றாக ஏற்றும். மாதவிடாய் தள்ளும், சிலருக்கு மார்பில் பால்கூடச் சுரக்கும். மாதக்கணக்கில் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுபவருக்கு, புரோலாக்டின் ஏறியதற்குக் காரணம் தேடி மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்னால் அந்த அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும். மனநலத்துக்கான சில மருந்துகளும் இதையே செய்யும். அவற்றை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் பார்ப்பது வீண். ஏ.எம்.எச்.சும் இறங்கிக் காட்டும்.

ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்தது. ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டுமா?

"நீர்க்கட்டி" என்ற சொல் செய்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. பிசிஓஎஸ்ஸில் காண்பது கட்டியே இல்லை. வளரத் தொடங்கி, பாதி வழியில் நின்றுபோன முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர். எடுக்க அதில் ஒன்றும் இல்லை. 5 சென்டிமீட்டரில் ஒற்றைக் கட்டி, பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி போன்றவை வேறு சங்கதி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் அளவைப் படித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிசிஓடி, பிசிஓஎஸ் என்று இரண்டு நோய் இல்லை. நம் ஊரில் பழக்கத்தில் இரண்டு பெயர், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கும் வரையறை 2003இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்டது. 2023இல் சர்வதேச வழிகாட்டுதல் அதைத் திருத்தியது. மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் (தாடை, மேலுதடு, அடிவயிற்றில் தடித்த முடி, அல்லது ரத்தத்தில் அளவு), ஸ்கேனில் ஒரு சினைப்பையிலாவது 20 அல்லது அதற்கு மேல் முட்டைப் பைகள், இல்லையென்றால் 10 மி.லி. அல்லது அதற்கு மேல் கொள்ளளவு. இந்த மூன்றாவதற்குப் பதிலாக, வயதுவந்த பெண்களுக்கு ஏ.எம்.எச். கூடியிருப்பதையும் ஏற்கலாம் என்பது 2023இன் புதுமை. முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. மறுபக்கம், ஸ்கேனில் மட்டும் அப்படித் தெரிந்து, மாதாமாதம் ஒழுங்காக மாதவிடாய் ஆகி, முடியும் இல்லையென்றால் அது பிசிஓஎஸ் இல்லை. அப்படிப்பட்ட சினைப்பையோடு ஒரு கோளாறும் இல்லாமல் இருக்கும் பெண்கள் நிறைய.

கல்யாணம் ஆகாதவர்களுக்கு வயிற்றின் மேல்தான் ஸ்கேன் செய்வார்கள். அதில் 2 மில்லிமீட்டர் பைகளை எண்ணுவது கஷ்டம், கொள்ளளவைத்தான் நம்ப வேண்டும். "பல்கி ஓவரி" (பருத்த சினைப்பை) என்று எழுதி அளவு போடாத ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கழுத்தில் கறுப்பாகப் படை மாதிரி இருக்கிறது. தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமா?

உண்டு. அது அழுக்கு இல்லை, தேய்த்தால் புண்தான் ஆகும். கழுத்தின் பின்புறம், அக்குள் ஆகிய இடங்களில் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் கூடியதன் அடையாளம். அந்த இன்சுலின் இரண்டு பக்கமும் அடிக்கிறது. சினைப்பையை ஆண் ஹார்மோன் கூடுதலாகச் செய்யவைக்கிறது. கல்லீரல் செய்யும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் குறைக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிவைக்கும் கயிறு அந்தப் புரதம்தான். கயிறு குறைந்தால், மொத்த அளவு சரியாக இருந்தாலும் அவிழ்ந்து திரியும் டெஸ்டோஸ்டிரோன் கூடிவிடும். ரிப்போர்ட் நார்மல், முகத்தில் முடி மட்டும் நிற்கவில்லை என்ற புதிர் இப்படித்தான் வருகிறது.

இவர்கள் எடுக்க வேண்டியது குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை. இரவு சாப்பாட்டுக்குப் பின் 8 மணி நேரமாவது வெறும் வயிறு. காலையில் ஒருமுறை ரத்தம். 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 2 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். இடையில் காபி, நடை இரண்டும் கூடாது. 140 முதல் 199 வரை வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200 என்றால் சர்க்கரை நோய். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்தால் பலர் தப்பிவிடுவார்கள். பேக்கேஜில் சேர்த்து விற்கும் இன்சுலின் டெஸ்ட்டுக்குக் கொடுக்கும் பணம் தேவையில்லாதது.

எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெடிக்கத் தொடங்கும். 70 கிலோ என்றால் மூன்றரை முதல் ஏழு கிலோ. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். தராசு என்ன சொன்னாலும் சரி.

நான் ஒல்லி. எனக்கும் பிசிஓஎஸ் என்கிறார்கள். உடம்பைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். ஆனால் ஒரு தவறு நடக்க வாய்ப்பு இருப்பதால் நிதானமாகப் பாருங்கள். சாப்பாட்டை வெட்டி, கடுமையாக உடற்பயிற்சி செய்து, சீக்கிரம் எடை குறைத்தவர்களுக்கு மூளை சினைப்பைக்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடும். ஸ்கேனில் இவர்களுக்கும் சின்னச் சின்னப் பைகள் நிறைய தெரியலாம். வித்தியாசம் ரத்தத்தில் இருக்கிறது: எல்.எச்., ஈஸ்ட்ரடையால் இரண்டும் தாழ்ந்து கிடக்கும், முகப்பருவோ முடியோ இருக்காது. இவர்களிடம் போய் "இன்னும் குறையுங்கள்" என்றால் நோயை வளர்ப்பதாக ஆகும். வேண்டியது சோறு. எலும்பும் தேய்ந்துகொண்டிருக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்று மாதமாக மாதவிடாய் ஆகவில்லை. தொந்தரவு இல்லாமல் நிம்மதியாகத்தானே இருக்கிறது?

நிம்மதி மேலே. உள்ளே, முட்டை வெடிக்காததால் புரோஜெஸ்ட்ரோன் இல்லை, ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வை வளர்த்துக்கொண்டே போகிறது. அறுவடை இல்லாத பயிர். தடித்த சவ்வு ஒருநாள் தாறுமாறாக உதிரத் தொடங்கும். அப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின், கட்டி கட்டியாக ரத்தம், ஹீமோகுளோபின் 6, 7. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் சவ்வின் செல்கள் மாறி, புற்றுநோய்க்கு இட்டுச்செல்லலாம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கருப்பைச் சவ்வுப் புற்றுநோயின் வாய்ப்பு கூடுவது இதனால்தான்.

அதனால் கணக்கு 90 நாள். அதைத் தாண்டினால், கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மெட்ராக்சிபுரோஜெஸ்ட்ரோன் என்ற புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரையை 10 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாள் கொடுத்து நிறுத்துவார்கள். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் ஆகும். அது சவ்வைச் சுத்தம் செய்தது மட்டும்தான், முட்டையை வெடிக்கவைக்கவில்லை. "மாத்திரை போட்டால் வருகிறது, போடாவிட்டால் வருவதில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் இது. மாத்திரை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

பிசிஓஎஸ்ஸுக்கு எந்த மருந்து?

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. மூன்று வழி.

இப்போது குழந்தை வேண்டாம், மாதவிடாய் ஒழுங்காக வேண்டும், பருவும் முடியும் குறைய வேண்டும் என்றால் கருத்தடை மாத்திரை. இது எஸ்.எச்.பி.ஜி.யை ஏற்றி அவிழ்ந்த டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போடுகிறது. முடியில் பலன் தெரிய 6 மாதமாவது ஆகும். இரண்டே மாதத்தில் "வேலை செய்யவில்லை" என்று விடாதீர்கள். ஏற்கெனவே தடித்த முடிக்கு லேசர்தான். நம் ஊரில் சைப்ரோடெரோன் கலந்த மாத்திரையை முதலிலேயே எழுதும் பழக்கம் இருக்கிறது. அதில் ரத்தம் உறைவதற்கான ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால் வழிகாட்டுதல்கள் அதை முதல் வரிசையில் வைப்பதில்லை. கண்ணில் மின்னல்போல் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், முன்பு ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் இந்த வகை எதுவும் கூடாது. மாத்திரை சாப்பிடும்போது ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரைப் பக்கம் சிக்கல் என்றால் மெட்ஃபார்மின். ராத்திரிச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி 1500, 2000 வரை. எடுத்த எடுப்பில் முழு அளவு போட்டவர்கள்தான் வயிற்றுப்போக்கு என்று விட்டுவிடுகிறார்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 பாருங்கள்.

குழந்தை வேண்டும் என்றால் லெட்ரோசோல், 2 அல்லது 3ஆம் நாளிலிருந்து 5 நாள், 2.5 மில்லிகிராமில் தொடக்கம். பிறகு ஸ்கேனில் முட்டைப் பை 18 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். "இது மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று இணையத்தில் போட்டிருக்கிறதே" என்று பலர் பதறுவார்கள். அதற்கும் இது பயன்படுகிறது. 2011இல் இந்தியாவில் குழந்தைப்பேற்றுக்கு இதைத் தடைசெய்தார்கள், 2017இல் தடையை நீக்கினார்கள். இன்று பிசிஓஎஸ்ஸில் முட்டை வெடிக்கவைக்க முதல் தேர்வே இதுதான்.

மகள் வயதுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மாதாமாதம் ஆவதில்லை. ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம். முதல் வருடம் முன்னே பின்னே ஆவது இயல்பு. அடுத்த இரண்டு வருடம் 21 முதல் 45 நாள் வரை ஏற்கலாம். முதல் வருடத்துக்குப் பிறகு 90 நாள் இடைவெளி ஒருமுறை விழுந்தாலும் காட்டுங்கள். 15 வயதாகியும் வயதுக்கே வரவில்லை என்றாலும் காட்டுங்கள். பூப்பெய்தி 8 வருடம்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று சொல்லக் கூடாது. அந்த வயதில் நல்ல சினைப்பையும் அப்படித்தான் தெரியும். ரத்தம் அதிகம் போனால் மட்டும் வயதைப் பார்க்காமல் உடனே ஹீமோகுளோபின் பாருங்கள்.

பிராய்லர் கோழிதான் காரணமா? கருப்பு உளுந்து சாப்பிட்டால் சரியாகுமா?

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுவதில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். ஆயிரக்கணக்கான கோழிக்குத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. கோழி 40 நாளில் வளர்வது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததால், தீவனத்தால். கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது நிஜமான பிரச்சினை. ஆனால் அது வேறு வழக்கு. அதே கோழியை மைதா மாவில் முக்கி எண்ணெயில் பொரித்து, கூல்டிரிங்ஸோடு வாரம் நான்கு நாள் சாப்பிட்டால் எடை ஏறும். பழியைக் கோழி மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

உளுந்தங்களி நல்ல சாப்பாடு; புரதமும் இரும்பும் நல்லெண்ணெயும் சேர்ந்தது. பாட்டிமார் கொடுத்ததில் தப்பே இல்லை. ஹார்மோன் அளவை மாற்றும் மருந்து என்று மட்டும் எண்ண வேண்டாம், கருப்பட்டி அளவையும் பாருங்கள். ஆளி விதை, எள் என்று பதினைந்து நாளுக்கு ஒன்றாக மாற்றிச் சாப்பிடும் முறைக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

வீட்டில் விசேஷம். நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்கலாமா?

நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய 2, 3 நாளில் ஆகும். ரத்தம் பட்ட பிறகு தொடங்கினால் நிற்காது. கோயிலுக்குப் போகும் அன்று காலையில் கடைக்கு ஓடுபவர்களுக்கு இது உதவாது. இந்த அளவில் இதன் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. எனவே முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் வாங்கவே கூடாது. கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் சிறுநீர் டெஸ்ட். எப்போதாவது ஒருமுறை சரி. மாதாமாதம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் போட்டுவிட்டு, சுழற்சி கலைந்துவிட்டது என்று ஹார்மோன் டெஸ்ட் எடுப்பதில் அர்த்தமில்லை.

ஏ.எம்.எச். குறைவு. குழந்தை பிறக்காதா?

ஏ.எம்.எச். மிச்சமுள்ள முட்டைகளின் எண்ணிக்கைக்கு ஒரு குறிப்பு. முட்டையின் தரத்தை அது சொல்லாது, தரத்தைத் தீர்மானிப்பது வயது. மாதாமாதம் முட்டை வெடிக்கிறது என்றால், இயல்பாகக் கருத்தரிப்பதை அந்த எண்ணை வைத்துக் கணிக்க முடியாது. ஐ.வி.எஃப். செய்யும்போது எத்தனை முட்டை கிடைக்கும் என்று மதிப்பிட அது பயன்படும்.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டால்?

நான்கு மாதம் ஆகாமலிருந்து, எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் இருந்தால் சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்திருக்கலாம். புற்றுநோய் மருந்து, சாக்லேட் கட்டி ஆபரேஷன், டர்னர் போன்ற மரபணுக் காரணங்கள், உடம்பே உடம்பைத் தாக்கும் நோய்கள் ஆகியவை காரணமாக இருக்கலாம். காரணம் தெரியாமலே போவதும் உண்டு. இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் கொடுப்பது இயல்பாக நிற்கும் வயதுவரை, ஏறக்குறைய 50வரை. எலும்பையும் இதயத்தையும் காப்பதற்கு இது. "ஹார்மோன் மாத்திரையா, வேண்டவே வேண்டாம்" என்று இந்த வயதில் மறுப்பதுதான் ஆபத்து. 35 வயது உடம்பில் இருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பை எப்போதாவது விழித்துக்கொள்ளும் என்பதால், கர்ப்பம் வேண்டாதவர்கள் கருத்தடையையும் நினைவில் வையுங்கள்.

45 வயதில் உடம்பு திடீரென்று எரிகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. ஹார்மோன் எடுத்தால் கேன்சர் வருமா?

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் நேராக இறங்குவதில்லை, ஏறி இறங்கித் தள்ளாடும். எனவே 45க்கு மேல் எஃப்.எஸ்.எச். டெஸ்ட் வீண்செலவு. இன்று 40, அடுத்த மாதம் 8 என்று காட்டும். 12 மாதம் ஆகவில்லை என்றால் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

பயத்துக்கு மூலம் 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட டபிள்யூ.எச்.ஐ. ஆய்வு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் வகை என இரண்டு ஹார்மோன்களும் எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய். செய்தியில் வராமல் போனது, அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பது. வயது 60க்குள், நின்று 10 வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கு, உடம்பெரிச்சல் தாங்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறைந்தவர்கள் இதில் சேர மாட்டார்கள். தோலில் தடவும் ஈஸ்ட்ரடையால் ஜெல்லில், மாத்திரையில் இருப்பதுபோல ரத்தம் உறையும் ஆபத்து கூடுவதில்லை.

கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோனும் கட்டாயம். காரணம் மேலே சொன்ன அதே அறுவடைக் கதை. புரோஜெஸ்ட்ரோன் தூக்கம் வரவைக்கும், இரவில் போடுங்கள்.

வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று மட்டும்தான் தொந்தரவு என்றால் பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரியால் க்ரீமே போதும். வெட்கப்பட்டு இதைக் கேட்காமல், வருடத்துக்கு நான்கு முறை ஆன்டிபயாடிக் விழுங்குபவர்கள் உண்டு.

கர்ப்பப்பை எடுத்தாச்சு. இனி ஹார்மோன் பிரச்சினை வராதுதானே?

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். "டி.ஏ.எச்." என்று மட்டும் இருந்தால் கருப்பை போயிருக்கிறது, சினைப்பை இருக்கிறது. கூடவே "பி.எஸ்.ஓ." என்று இருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. பலருக்கு இது தெரிவதே இல்லை. 36 வயதில் சினைப்பைகளை எடுத்தால் பத்து வருடத்தில் நடக்க வேண்டியது ஒரே நாளில் நடக்கும்: எரிச்சல், தூக்கமின்மை, எலும்புத் தேய்வு, இதய நோய் வாய்ப்பு. இவர்களுக்குக் கருப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், டபிள்யூ.எச்.ஐ.யில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. சினைப்பையை விட்டுவைத்திருந்தாலும் அது சில வருடம் முன்னதாக ஓயலாம்.

வெள்ளைப்படுதலுக்கும் அதிக உதிரப்போக்குக்கும் கருப்பையை எடுத்துவிடச் சொல்வது இன்னும் நடக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில், பலர் நாற்பதுக்கு முன்பே, கருப்பை இழந்தது 2019இல் வெளியே வந்தது. உதிரப்போக்குக்கு முன்னதாக முயல வேண்டியவை உண்டு: ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம், டிரானெக்சாமிக் மாத்திரை, புரோஜெஸ்ட்ரோன். ஆபரேஷன்தான் என்று முடிவானாலும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போடும் முன் கேளுங்கள்: "சினைப்பையை எடுக்கிறீர்களா, ஏன்?"

மாதவிடாய் நின்று இரண்டு வருடம் கழித்து ஒருநாள் மட்டும் லேசாகப் பட்டது. திரும்ப வரத் தொடங்கிவிட்டதா?

இல்லை. 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது மாதவிடாய் ஆகாது. அம்மாவுக்கோ அத்தைக்கோ இப்படி ஆனால் "உடம்புச் சூடு" என்று விடாதீர்கள். சவ்வு மெலிந்து வறண்டதால் வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும், ஆனால் அதை ஊகத்தில் சொல்லக் கூடாது. ஸ்கேனில் கருப்பைச் சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது அதற்குக் கீழே இருந்தும் மறுபடி பட்டால், சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். வெளிநோயாளியாகவே, மெல்லிய குழாயால், சில நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டிப்போகும்போது பட்ட தேதி, எத்தனை நாள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.